பினாங்கு அடுப்பில் ரசம், சூப்பு, கஞ்சி

பினாங்குச் சாப்பாடு என்றால் வெளியூர்க்காரர்கள் நாசி கண்டாரைத்தான் சொல்வார்கள். 1907ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் ஹமீதியா கடைக்கு கேம்பல் தெருவில் வரிசை நிற்பதைப் படம் எடுத்துப் போடாத சுற்றுப்பயணி குறைவு. ஆனால் இந்த ஊரில் காய்ச்சல் வந்து படுத்தவருக்கு யாரும் நாசி கண்டார் பொட்டலம் வாங்கிக் கொடுப்பதில்லை. முதல் நாள் ரசம். மறுநாள் கோழி சூப்பு. கொஞ்சம் தேறியதும் கஞ்சி. கடைச் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊரிலும் உடம்பைத் தேற்றுகிற சாப்பாடு இன்னமும் வீட்டு அடுப்பில்தான் கொதிக்கிறது.

நான் சமையற்கலைஞர் இல்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கிறவள். பொரியல், பிரட்டல் எல்லாம் கடமைக்குச் செய்வேன். சூப்புச் சட்டியை எடுத்தால்தான் மனசு தானாக வேலைக்கு வரும். அரை கிலோ எலும்பும் நாலு கேரட்டும் ஆறு பேருக்குக் காணும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு அத்தையிடமிருந்து, அதாவது மாமியாரிடமிருந்து வந்தது. அவர் கல்யாணமாகி வந்த வீடு ஜோர்ஜ்டவுன் நடுவில், கிங் ஸ்திரீட் பக்கம். ஒரு கடைவீட்டின் மாடியில் மூன்று குடும்பங்கள், பின்கட்டில் பொதுவான அடுப்படி, கரி அடுப்பு. பக்கத்து அறைச் சீனத்து அம்மா மண்சட்டியில் காலையில் ஏற்றிய சூப்பை மாலையில்தான் இறக்குவாராம். எதிர்வீட்டுக் கடையநல்லூர்க் குடும்பத்தில் விசேஷம் என்றால் ஒரு தூக்கு தால்சா வந்துவிடும். பருப்பும் ஆட்டெலும்பும் கத்திரிக்காயும் மாங்காயும் சேர்ந்து குழைந்த அந்தத் தால்சாவை அத்தை இன்றைக்கும் தன் சமையலாகவே செய்கிறார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஒரே அடுப்படியில் நின்றால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அந்த வீடுகளில் அவர்கள் குறைந்த வாடகைக்கு இருக்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000 ஜனவரியில் வாடகை ஏறியதும் ஊருக்கு நடுவில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், குளுகோர் என்று பிரிந்து போயின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ, ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்தப் பின்கட்டில் சமைத்தவர்கள் இப்போது பன்னிரண்டாவது மாடியில் தனித்தனியாகக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ரசத்துக்கு வெளியுலகத்தில் நடந்த கூத்து ஒன்று உண்டு. மிளகுத்தண்ணீர் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் 'மல்லிகட்டானி' ஆக்கினார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப்பு வேண்டும். நமக்கு அப்படித் தனியாக ஒரு வழக்கமே கிடையாது. சோற்றில் ஊற்றுவதற்கு இருந்த மிளகுத்தண்ணீரில் இறைச்சியைப் போட்டு, மாவு கரைத்துக் கெட்டியாக்கி, கறித்தூள் தூவி, சில வீடுகளில் ஆப்பிள் பழமும் நறுக்கிப் போட்டுத் தட்டில் வைத்தார்கள். நம் கஞ்சியும் 'காஞ்சி' என்று ஆங்கிலத்துக்குப் போய், இன்றைக்குச் சீன உணவகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரான ஒன்றைக் கெட்டியாக்கிய வெள்ளைக்காரர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. பிற்பாடு அதே வேலையை நானே செய்ய வேண்டி வந்தது. அதற்கு முன் ஆட்டு சூப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டு சூப்பு பினாங்கில் மாமாக் கடைகளின் சொத்து. வீட்டில் வைப்பது கடினமில்லை, நேரம்தான் வேண்டும். 1 கிலோ எலும்புக்கு 3 லிட்டர் தண்ணீர். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். முதல் கொதியில் சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்தபின் தீயைக் குறைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு உடைந்து தண்ணீரில் கலந்து சூப்பு கலங்கிப் போகும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். மூன்று மணி நேரத்தில் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வெல்லாம் கரைந்து, உதட்டில் லேசாக ஒட்டுகிற பதம் வரும்.

மசாலாவை மலாய்க்காரர்கள் நான்கு உடன்பிறப்புகள் என்பார்கள்: பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ. இவற்றோடு மல்லி, சீரகம், சோம்பு, வெள்ளை மிளகு ஆகியவற்றைத் துணியில் முடிச்சாகக் கட்டிப் போடுவது 'சூப் பூஞ்சுட்'. கடையில் தயாராகக் கட்டியதும் கிடைக்கும். நான் சௌராஸ்தா சந்தைப் பக்கம் போகும்போது தனித்தனியாக வாங்கி வந்து நானே கட்டுவேன். அன்னாசிப்பூ ஒன்று போதும். இரண்டு போட்டால் சூப்பு மருந்துக்கடை வாசம் அடிக்கும். உப்பைக் கடைசியில்தான் போடுவேன். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சூப்புக் கட்டிகளை உடைத்துப் போட்டால் அதில் பெரும்பங்கு ஒரு கிண்ணத்திலேயே போய்விடும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் இந்த நீண்ட நேர எலும்பு சூப்பை ஆசைக்கு ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதற்குத் தோதானது ரொட்டி பெங்காலி. வங்காளத்துக்கும் இந்த ரொட்டிக்கும் சம்பந்தமில்லை, அந்தக் காலத்தில் அடுமனை வேலையாட்களுக்கும் லாபத்தில் பங்கு இருந்ததால் 'பங்காளி' ரொட்டி என்று பேர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். தடிமனாக வெட்டிய துண்டைச் சூப்பில் முக்கிச் சாப்பிடுவது மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலை வழக்கம்.

போன ஆண்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, விழுங்குவது தேறவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் ரசம் கொடுக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பேச்சுச் சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே கூடாது என்றுவிட்டார். கெட்டியான சாப்பாடுதான் தொண்டையில் அடைக்கும், தண்ணீராக இருப்பது சுலபமாக இறங்கும் என்று நாம் நினைக்கிறோம். விழுங்கும் தசைகள் மெதுவாக வேலை செய்கிறவருக்குத் தண்ணீர் மாதிரி ஓடுகிறதுதான் ஆபத்து. மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அது முந்திக்கொண்டு நுரையீரலுக்குள் போய்விடும். அதிலிருந்து நிமோனியா வரும். சிலருக்கு இருமல்கூட வராமல் இது நடக்கும். அதைவிட மோசம், தண்ணீரான சூப்பில் காய்த்துண்டு மிதப்பது. வாய்க்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில்.

உணவின் பதத்துக்கு உலக அளவில் 0 முதல் 7 வரை நிலைகள் வகுத்திருக்கிறார்கள். தண்ணீர் 0, கரண்டியில் அப்படியே நிற்கும் மசியல் 4, வழக்கமான சாப்பாடு 7. மாமாவுக்குச் சொன்னது மூன்றாம் நிலை. இதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. அதற்கென்று சொல்லப்பட்ட 10 மில்லி ஊசிக்குழாயில் ஊசி இல்லாமல் நிரப்பி, நுனியில் வைத்த விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட வேண்டும். 8 மில்லிக்கு மேல் உள்ளே நின்றால் மூன்றாம் நிலை, 4 முதல் 8 வரை நின்றால் இரண்டாம் நிலை. ரசத்தை ஊற்றினால் ஒரு சொட்டு நிற்காது.

அப்போதுதான் எனக்கு நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தது. 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுதும் பெரிய அண்டாக்களில் கஞ்சி காய்ச்சி மாலையில் கொடுப்பார்கள். அரிசி, பருப்பு, இறைச்சி, இஞ்சி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, எது எது என்று பிரிக்க முடியாத பதத்தில் இருக்கும். நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு ஏற்றதாக எந்தக் காலத்திலேயோ கண்டுபிடித்த பதம். அந்த வழியில் போனேன். துவரம்பருப்பை மலர வேகவைத்து, குழைந்த சோறு ஒரு கைப்பிடி சேர்த்து, ரசத்தோடு அரைத்து, கண்ணுள்ள வடிகட்டியில் இரண்டு முறை வடித்தேன். கடுகு, கறிவேப்பிலை தொண்டையில் நிற்கும் என்பதால் தாளித்து, எண்ணெயை மட்டும் வடித்து மேலே ஊற்றினேன். வாசம் அப்படியே இருந்தது.

மாமா ஒரு கரண்டி விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ரசம்னு பேரு வைக்காதம்மா." ஆனால் கிண்ணத்தைக் காலி செய்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் காலி செய்த முதல் கிண்ணம் அது.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. எந்த நிலை என்பதைச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது. அரிசிக் கஞ்சி ஆற ஆறக் கெட்டிப்படும். கொடுக்கப் போகும் சூட்டில்தான் சோதனை பார்க்க வேண்டும். மாவுப் பொருளால் கெட்டியானதை எச்சில் மறுபடி நீர்க்க வைக்கும். அதனால் வாய்க்குப் போன கரண்டியை முழுக் கிண்ணத்தில் விடாமல், சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பேன்.

மிச்சம் வைப்பதில்தான் அத்தைக்கும் எனக்கும் ஒத்துவராது. கிங் ஸ்திரீட் வழக்கப்படி இரவில் ஒரு கொதி, காலையில் ஒரு கொதி, சட்டி அடுப்பிலேயே இருக்கும். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. பெரிய சட்டி மெதுவாக ஆறும்போது அவை பெருகும். நம் ஊர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். நான் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். "எழுபது வருசமா நாங்க செத்தா போயிட்டோம்?" என்பார் அத்தை. சட்டியை அவர் கண்ணில் படாமல் எடுத்துவிடுவேன்.

மாமாவுக்குப் போன மாதம் இரண்டாம் நிலைக்கு அனுமதி கிடைத்தது. பருப்பைக் கொஞ்சம் குறைத்தேன். ரசம் கொஞ்சம் ரசமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வடித்து அரைத்த ஆட்டு சூப்பு கொடுக்கிறேன். ரொட்டிக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை. சூப்பில் ஊறிய ரொட்டியும் கலப்புப் பதம்தான் என்கிறார் சிகிச்சையாளர். அடுத்த பரிசோதனை வரும் புதன்கிழமை. என்ன கேட்க வேண்டும் என்று மாமா இப்போதே எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.