வீசிங் சத்தம் நின்றுவிட்டால் நிம்மதியா?

"வீசிங்" என்ற வார்த்தை இப்போது எங்கள் அலங்காநல்லூர்ப் பாட்டிமார் வாயிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. இரைப்பு, இழுப்பு, ஈளை என்று முன்பு தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இந்த ஒரு பெயருக்குள் போட்டுவிட்டோம். உண்மையில் அது ஒரு வியாதியின் பெயர் அல்ல, சத்தத்தின் பெயர்தான்.

நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் கிளைவிட்டுக் கிளைவிட்டு மெலிந்துகொண்டே போகிறது. அதன் உள்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்தால் காற்று போகும் வழி சிறுத்துவிடும். அந்தச் சந்தில் நுழைந்து வருகிற காற்றுதான் விசில் அடிக்கிறது. மூச்சை வெளியே விடும்போது அதிகம் கேட்கும்.

ஆஸ்துமா இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை. கைக்குழந்தைக்கு வெறும் சளிக் காய்ச்சலிலும் இழுப்பு வரும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயசுப் பிள்ளை திடீரென்று புரையேறி இருமி, அப்புறம் இழுக்க ஆரம்பித்தால் கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கலாம். வாயில் கையை விட்டுத் துழாவாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வயசானவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டி, காலும் வீங்கியிருந்தால் அது இருதயக் கோளாறாக இருக்கக்கூடும். பீடி குடித்தவர்களுக்கு வருவது போலவே, காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பெண்களுக்கும் நுரையீரல் கெட்டு இரைக்கும். பாவம், பீடியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

எங்கள் பக்கம் தை மாதம் இதற்கென்றே வந்த மாதம் போலிருக்கும். விடியற்காலைப் பனி, அறுவடைக் களத்தில் நெல் சுணை, கரும்புச் சோகையை எரிக்கிற புகை, எல்லாம் ஒன்றாகச் சேரும். தூசி என்றால் லேசாக நினைக்காதீர்கள். ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரத்தில் 1981-லிருந்து 1987-க்குள் 26 தடவை கூட்டங்கூட்டமாக ஜனங்களுக்கு ஆஸ்துமா கண்டது. தேடிப் பார்த்தால், துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயாபீன்ஸ் இறக்கும்போது பறந்த தூசி! கிடங்குக்கு வடிகட்டி போட்ட பிறகுதான் அடங்கியது.

2023 பொங்கலுக்கு என் நாத்தனார் குடும்பம் ஜல்லிக்கட்டு பார்க்க வந்திருந்தது. வீடு கொள்ளாத கூட்டம். இரண்டு அறையிலும் கொசுவர்த்திச் சுருள். ஒன்பது வயசு மகளுக்கு ஏற்கனவே ஆஸ்துமா. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்த இழுப்பு அடுத்த அறை வரை கேட்டது. கொண்டுவந்திருந்த இன்ஹேலரைக் கொடுத்தும் சரியாகத் தணியவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. "அடங்கிருச்சுத்தா, பிள்ளை தூங்கட்டும், எழுப்பாத" என்றார் என் மாமியார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவிலும், கழுத்துக் குழியிலும் சதை உள்ளே போய் வந்தது. "பேர் என்ன கண்ணு?" என்றால் பாதிப் பேரோடு நின்றுவிட்டாள். 108-க்குப் போன் போட்டோம். வண்டியிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினாள். அங்கே டாக்டரம்மா சொன்னது இதுதான்: விசில் சத்தம் கேட்கக்கூட உள்ளே காற்று போய்வர வேண்டும். மூச்சுத் திணறல் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் நின்றால் குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

ஆகவே காதை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது, மயங்கி மயங்கி விழுகிறது, இன்ஹேலர் கொடுத்தும் கேட்கவில்லை - இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சின்னக் குழந்தையானால், அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குள் 60, ஒரு வயசுக்குள் 50, ஐந்து வயசுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே டாக்டரிடம் காட்டவேண்டும். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்கவைக்காதீர்கள், வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள்.

"இன்ஹேலர் பழகிப்போயிடும், கடைசியிலதான் எடுக்கணும்" என்று சொல்லாத வீடு இல்லை. 1956-லிருந்தே உலகத்தில் இருக்கிற சாதனம் அது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் வயிற்றுக்குள் போகிற மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேரே நெஞ்சுக்குப் போகிறது. திணறலை உடனே தணிப்பது ஒன்று, உள்வீக்கத்தை வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் "நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுத்தால் மருந்து வீணாகாது. தடுப்பு மருந்து எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஆடாதொடை, தூதுவளை ரசத்தையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை. ஆடாதொடைச் சத்தை ஆராய்ந்துதான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற இங்கிலீஷ் மருந்தே வந்தது. ஆனால் இறுகிய குழாயை அந்த நிமிஷத்தில் விரிக்க ரசத்தால் ஆகாது. ஜூன் மாதம் ஹைதராபாத்துக்குப் போய் விரால் குஞ்சோடு மருந்து விழுங்கி வருகிறவர்கள் உண்டு. அதில் என்ன சேர்க்கிறார்கள் என்று கொடுப்பவர்கள் சொல்வதில்லை. அதை நம்பி டாக்டர் மருந்தை நிறுத்துவதுதான் எனக்குப் பயம். குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவதையும் இழுப்பு உள்ள வீட்டில் விட்டுவிடுங்கள், அதுவும் புகைதானே. கற்பூரம் வாய்க்குள் போனால் பிள்ளைகளுக்கு வலிப்பே வரும், கைக்கெட்டாமல் வையுங்கள்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ, தோப்பூர் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது ஒரு சின்ன நோட்டு கொண்டுபோங்கள். எந்த ராத்திரி இழுத்தது, அன்றைக்கு வீட்டில் என்ன புகை, என்ன தூசி, எத்தனை தடவை மருந்து அடித்தோம் என்று தேதி போட்டு எழுதினால் போதும். நாத்தனார் அப்படி எழுதிய இரண்டு மாச நோட்டைப் பார்த்துத்தான் டாக்டரம்மா தினசரி மருந்தின் அளவை மாற்றினார்.