இருட்டுக் குகையில் ஒரு கல் வளையம்

"குகை மனிதன்" என்றவுடன் உங்கள் மனத்தில் தோன்றும் உருவம் எது? கூனிய முதுகு, தொங்கும் கைகள், தோளில் ஒரு தடி, வாயில் உறுமல். கேலிச் சித்திரங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் உருவம் இது. இந்த உருவம் பெரும்பாலும் நியாண்டர்தால் மனிதனை எண்ணி வரையப்பட்டது. இது எவ்வளவு தூரம் உண்மை? பிரான்ஸ் நாட்டின் ஒரு குகைக்குள் கிடக்கும் உடைந்த கற்கள் இந்தக் கேள்விக்கு வியப்பான விடை தருகின்றன.

முதலில் எழுந்த தவறான எண்ணம்

1856-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் கல் வெட்டிய தொழிலாளர்கள் சில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அவை பழங்கால மனிதனுடையவை என்று உணர்ந்தவர் ஃபுல்ராட் என்ற பள்ளி ஆசிரியர். பள்ளத்தாக்கின் பெயரே அந்த மனித இனத்துக்கும் பெயராயிற்று.

1908-இல் பிரான்சில் ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல் என்ற அறிஞர், நியாண்டர்தால்கள் முழங்கால் மடங்கிக் கூனி நடந்தவர்கள் என்றும், அறிவில் மிகத் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதினார். 1957-இல் மீண்டும் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்த எலும்புக்கூடு மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஒரு மனிதருடையது! நலமாக இருந்த நியாண்டர்தால்கள் நம்மைப் போலவே நிமிர்ந்துதான் நடந்தார்கள். அவர்களின் மூளை அளவும் நம்முடைய மூளைக்குக் குறைந்ததல்ல. ஒரு நோயாளியின் முதுகை வைத்து ஓர் இனத்தின் அறிவையே எடை போட்டுவிட்டார்கள்!

ஆனால் மூளை பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? அதைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதல்லவா முக்கியம்? இங்கேதான் குகை நமக்கு உதவிக்கு வருகிறது.

ஒரு சிறுவன் திறந்த வழி

தென்மேற்கு பிரான்சில் அவேரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புருனிகெல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பாறைச் சரிவில் கற்களின் இடுக்கிலிருந்து மெல்லிய காற்று வருவதை ஒருவர் கவனித்தார். காற்று வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும் அல்லவா? அவருடைய மகன் ப்ரூனோ மூன்று ஆண்டுகள் பொறுமையாகக் கற்களை அகற்றி வந்தான். சுமார் 30 மீட்டர் நீளமுள்ள குறுகிய வழி திறந்தது. 1990 பிப்ரவரியில் குகை ஆர்வலர்கள் அதன் வழியே ஊர்ந்து உள்ளே சென்றார்கள். அப்போது ப்ரூனோவுக்கு வயது 15. உங்கள் வயதுதான்!

வாயிலிலிருந்து 336 மீட்டர் உள்ளே ஓர் அகன்ற கூடத்தில் அவர்கள் வியந்து நின்றார்கள். தரையில் கற்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன.

அவை சாதாரணக் கற்கள் அல்ல. சுண்ணாம்புக் குகைகளில் கூரையிலிருந்து நீர் சொட்டும். அந்த நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புப் பொருள் சொட்டுச் சொட்டாகத் தரையில் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தூண்போல மேல்நோக்கி வளரும். இதற்கு ஸ்டாலக்மைட் என்று பெயர். தமிழில் கல்முளை எனலாம். ஆந்திராவில் அரக்கு அருகே உள்ள போரா குகைகளுக்குச் சென்றவர்கள் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். புருனிகெல் குகையில் இந்தக் கல்முளைகளை உடைத்துத்தான் யாரோ வளையம் அமைத்திருந்தார்கள்.

மொத்தம் சுமார் 400 துண்டுகள். வரிசையாக வைத்தால் 112 மீட்டர் நீளும். எடை இரண்டு டன்னுக்கு மேல். பெரிய வளையம் 6.7 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் உடையது. சிறிய வளையம் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம். இவை தவிர நான்கு சிறு குவியல்கள்.

கரடியா? வெள்ளமா? மனிதனா?

விஞ்ஞானி எடுத்த எடுப்பில் "மனிதன் செய்தது" என்று சொல்லிவிட மாட்டார். வேறு காரணங்கள் உண்டா என்று முதலில் பார்ப்பார். நாமும் அப்படியே பார்ப்போம்.

குளிர்காலத்தில் குகைக் கரடிகள் அங்கே படுத்து உறங்கியிருக்கின்றன. அவற்றின் நகக் கீறல்களும் குழிகளும் உள்ளன. கரடிகள் கற்களைத் தள்ளிவிட்டிருக்குமோ? அல்லது வெள்ளம் உருட்டி வந்திருக்குமோ?

கற்களைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கிறது. பெரிய வளையத்தில் உள்ள துண்டுகளின் சராசரி நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். சிறிய வளையத்தில் சுமார் 30 சென்டிமீட்டர். பாதி துண்டுகள் அடியும் நுனியும் நீக்கப்பட்ட நடுப் பகுதிகள். சில இடங்களில் மூன்று, நான்கு அடுக்குகள். கற்கள் சரியாமல் இருக்க இடையில் சிறு துண்டுகள் செருகப்பட்டுள்ளன. சில கற்கள் முட்டுக் கொடுப்பதுபோல் செங்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. வெள்ளம் முட்டுக் கொடுக்குமா? கரடி அளவு பார்த்துப் பொறுக்குமா?

அதோடு, நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளில் தீயின் தடயங்கள் உள்ளன. சில சிவந்தும், சில கருத்தும், சில விரிசல் விட்டும் காணப்படுகின்றன. எரிந்த எலும்புத் துண்டும் கிடைத்தது. கரடி நெருப்பு மூட்டாது. ஆகவே இது மனிதனின் வேலை.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

எப்போது நடந்தது? 1990-களின் நடுவில் பிரான்சுவா ரூசோ என்ற தொல்லியல் அறிஞர் எரிந்த கரடி எலும்பு ஒன்றைக் கார்பன்-14 முறையில் சோதித்தார். குறைந்தது 47,600 ஆண்டுகள் என்று விடை வந்தது. "குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். கார்பன்-14 அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். 50,000 ஆண்டுகள் ஆகிவிட்டால் அளப்பதற்குப் போதிய அணுக்கள் மிஞ்சாது. அந்தக் கடிகாரம் அதோடு நின்றுவிடும். 1999-இல் ரூசோ காலமானார். ஆராய்ச்சியும் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று.

பிறகு பெல்ஜியத்தைச் சேர்ந்த சோஃபி வெர்ஹைடன் என்ற பெண் விஞ்ஞானி இதைக் கையில் எடுத்தார். இவர் கல்முளைகளை ஆராய்பவர். எலும்பை விட்டுவிட்டுக் கல்லையே கேட்டால் என்ன என்று எண்ணினார்.

யுரேனியம் நீரில் கரையும். தோரியம் அனேகமாகக் கரையாது. எனவே புதிதாகப் படியும் சுண்ணாம்பில் சிறிது யுரேனியம் இருக்கும், தோரியம் இராது. காலப்போக்கில் யுரேனியம் கதிரியக்கத்தால் சிதைந்து தோரியமாக மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால், படிவு உண்டான காலம் தெரிந்துவிடும். இந்தக் கடிகாரம் பல லட்சம் ஆண்டுகள் ஓடும்.

இனி ஒரு சிறு புதிர். கல்முளை வளர்ந்த காலம் தெரிந்தால் போதாது. அதை உடைத்த காலம் வேண்டுமே? வழி இருக்கிறது. உடைத்த பிறகு அந்தத் துண்டு வளராது. ஆகவே துண்டின் கடைசி அடுக்கு உடைப்பதற்கு முந்தியது. வளையம் அமைத்த பிறகு அதன்மேல் நீர் சொட்டிப் புதிய படிவு உண்டாயிற்று. அந்தப் படிவின் முதல் அடுக்கு, அமைத்ததற்குப் பிந்தியது. இரண்டுக்கும் இடையில்தான் விடை இருக்க வேண்டும்.

ஜாக் ஜோபேர், சோஃபி வெர்ஹைடன், டொமினிக் ஜாந்தி ஆகியோரின் குழு 2016-இல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டது: சுமார் 1,76,500 ஆண்டுகள்!

அக்காலத்தில் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் நியாண்டர்தால்களே. நம் இனம் மேற்கு ஐரோப்பாவில் காலூன்ற இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்த வளையத்துக்குள் நியாண்டர்தால் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. காலத்தைக் கொண்டுதான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

கற்கள் சொல்லும் செய்தி

இப்போது அந்த வேலையை எண்ணிப் பாருங்கள். பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் ஓட்டப் பாதை உண்டல்லவா? ஏறக்குறைய அவ்வளவு தூரம், சூரிய ஒளி துளியும் எட்டாத குகைக்குள் செல்ல வேண்டும். நெருப்பைக் கொண்டுசெல்ல வேண்டும்; அது அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒளி காட்ட, மற்றவர்கள் கல்லை உடைத்து, சுமந்து, அளவு பார்த்து அடுக்க வேண்டும். இரண்டு டன் கல்லை ஒருவர் தனியாகக் கையாள்வது கடினம். ஆகவே முன்கூட்டித் திட்டமிடுதல், வேலையைப் பகிர்தல், ஒருவர் எண்ணத்தை மற்றவருக்கு உணர்த்துதல் ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு முன், ஆழ்ந்த குகைக்குள் சென்று செயல்படுவது நம் இனத்துக்கே உரிய திறமை என்று பலர் எண்ணியிருந்தார்கள். புகழ்பெற்ற ஷோவே குகை ஓவியங்களுக்குக்கூடச் சுமார் 36,000 ஆண்டுகள்தான் வயது.

வளையம் எதற்காக? சடங்குக்கா, கூடிப் பேசவா, வேறு ஏதேனும் தேவைக்கா? எவருக்கும் தெரியாது. சடங்கு என்று சொல்லிவிடுவது எளிது, சான்று வேண்டுமே! ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வயிற்றுப் பசிக்காக மட்டும் அவ்வளவு தூரம் இருட்டில் போயிருக்க மாட்டார்கள்.

நியாண்டர்தால்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். ஆனால் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2010-இல் ஸ்வாந்தே பேபோவின் குழு அவர்களுடைய மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் அதில் சிறு பங்கு இருப்பது தெரிந்தது. இன்றைய கணக்குப்படி அது ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு. பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பங்கு இந்தியர்களிடமும் உண்டு. இதைப் படிக்கும் உங்களிடமும் இருக்கக்கூடும்.

இனி யாராவது ஒருவரை "நியாண்டர்தால்" என்று கேலி செய்தால், நீங்கள் அந்தக் கல் வளையத்தைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். முட்டுக் கொடுத்த அந்தச் சிறு துண்டுகளைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். அவற்றை வைத்த கைகளுக்குப் பின்னால் சிந்திக்கும் மூளை இருந்தது.