பதின்மூன்று ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன்

நம் வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் கற்பனை அணி அமைத்துப் புள்ளி எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இந்த மோகம் பேஸ்பாலில் எப்போதோ பற்றிக்கொண்டது. 1980ல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ‘ரோட்டிசரி லீக்’ தொடங்கினார்கள். அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயர் அது! நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்ப இவர்கள் புள்ளி பெறுவார்கள்.

என் தம்பி மகன் டெட்ராய்ட்டில் வேலை பார்த்தபோது அலுவலக நண்பர்களோடு இதை ஆடினான். 2006 ஏப்ரலில் அந்த ஊர் டைகர்ஸ் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் நம் சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அபூர்வம். இவன் உடனே, ஆண்டுதோறும் ஒரே சீராக ஆடிவந்த ஒரு மூத்த ஆட்டக்காரரைக் கொடுத்து ஷெல்டனை வாங்கிவிட்டான். போனில் ஒரே குதூகலம்.

ஜூலை இறுதியில் டைகர்ஸ் ஷெல்டனைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பியது. அந்த ஆண்டு மொத்தம் அவர் அடித்தது 16தான். தம்பி மகனுக்குக் கடைசி இடம். போட்ட பணம் போனதைவிட, கொடுத்துவிட்ட மூத்தவர் எதிரணியில் புள்ளி குவித்ததுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

இதில் தேர்ந்தவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள்? டாம் டாங்கோ என்பவர் ஓர் எளிய முறை வகுத்து, ஒரு குரங்கின் பெயரால் ‘மார்செல்’ என்று அழைத்தார். குரங்குகூடச் செய்யலாம் என்ற கேலி! கடந்த மூன்று ஆண்டுக் கணக்கை எடு. சென்ற ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடு. பிறகு எல்லா ஆட்டக்காரர்களின் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழு. வயது 29ஐத் தாண்டியிருந்தால் சற்றுக் குறை, இளையவரென்றால் கூட்டு. அவ்வளவுதான். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். அதில் 13ஐ வைத்து ஆளை எடைபோட முடியுமா? ஷெல்டன் 2005ல் 107 ஆட்டங்களில் 18 ஹோம் ரன் அடித்திருந்தார். அதைப் புரட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

குரங்குக் கணக்கும் தவறும். காயம், அணி மாற்றம் எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு தவறலாம் என்று அளந்து பார்க்க முடியும். நம் சோதிடர்களிடம் அது கிடையாது.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. பணமில்லாமல் பிள்ளைகள் ஆடினால், மூன்று ஆண்டுக் கணக்கெழுதி அணி அமைக்கச் சொல்லிப் பாருங்கள். சதவீதம் நன்றாக வரும்.

தம்பி மகன் இன்னும் ஆடுகிறான். ஏப்ரல் மாதத்தில் மட்டும் யாரையும் மாற்றுவதில்லை.