பட்டறைக்கு எந்த பிளாட்ஃபார்ம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் லேத்தையும் பிரஸ்ஸையும் நம்பித் தொடங்கியது. இன்று அதே பேட்டைக்குள் ஐ.டி. வளாகங்களும் நிற்கின்றன. ஆனாலும், நாலு சி.என்.சி. மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்காரர் தனக்கென்று ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதித் தரச் சொன்னால், பெரிய கம்பெனிகளின் அளவுகோலில்தான் யோசனை சொல்கிறார்கள்: பி.எச்.பி. பழசு, நோட்.ஜேஎஸ் வேகம், ஜாவா உறுதி. என் கட்சி வேறு. எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகு அந்த புரோகிராமைத் திறந்து திருத்த ஆள் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டறையில் என்ன நடக்கிறது? ஜாப் ஒர்க்குக்கு வரும் சரக்குக்கு டெலிவரி சலான் இருக்கும், ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்தச் சரக்கு ஓராண்டுக்குள் அனுப்பியவரிடம் திரும்ப வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ்: பில் விவரத்தை ஜேசன் வடிவில் அரசுத் தளத்துக்கு அனுப்பி ஐ.ஆர்.என். என்ற பில் பதிவு எண்ணும் கியூ.ஆர். குறியீடும் வாங்கியாக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு சலான் என்பதே பெரிய விஷயம். இந்தச் சுமையை பி.எச்.பி.யின் லாராவெல், பைத்தானின் ஜாங்கோ, நோட் என எதுவும் அநாயாசமாகத் தாங்கும். தலைவலி விதிகள் மாறுவதில்தான். 2020 அக்டோபரில் 500 கோடியாக இருந்த இ-இன்வாய்ஸ் வரம்பு, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. இப்படி விதி மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து கோடில் கைவைக்க வேண்டும்.

அந்த வகையில் 1995-ல் பிறந்த பி.எச்.பி.க்கே என் ஓட்டு. வேர்ட்பிரஸ் ஓடுவதே அதில்தான் என்பதால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆள் தேடி அலைய வேண்டாம். மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். ‘முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் போதுமே’ என்று நோட் தரப்பு கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த வசதி அடுத்தவர் எழுதிய நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன பேக்கேஜ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினோரு வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகம் முழுக்கப் பல புராஜெக்ட்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. பி.எச்.பி.யும் சாதுவல்ல, 2015-ல் வந்த 7-ஆம் பதிப்பு பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களைத் தூக்கியெறிந்தது. ஆனால் அங்கே அந்த வரிகளை மாற்றினால் தீர்ந்தது. 2021 கடைசியில் ஆதரவு நின்றுபோன, ஜாவாஸ்கிரிப்ட் தரப்பின் ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பியவர்களோ பெரும்பாலும் திரையையே புதிதாக எழுத வேண்டியிருந்தது.

மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று நொடிக்கு நொடி திரையில் பார்க்க வேண்டுமென்றால் நோட்டையே எடுங்கள். அதன் அமைப்பே அதற்கானது. பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் நிர்வாக மென்பொருளான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் உங்கள் கணக்குக்குப் பொருந்தினால் புதிதாக எழுதவே வேண்டாம். எதை எடுத்தாலும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சோர்ஸ் கோடு, டேட்டாபேஸ் பேக்கப், சர்வர் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.