ஆள் இல்லையா, வேலை நாள் இல்லையா?

நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறீர்கள். வேலை கிடைப்பதில்லை என்கிறார்கள் உங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரி டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டு பேச்சும் காதில் விழும். இரண்டும் உண்மைதான். உங்களுக்கு ஆள் தேவைப்படுவது சில வாரங்களுக்கு. அவர்களுக்கு வேலை தேவைப்படுவது ஆண்டு முழுவதும்.

யார் இருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். 2001-ல் சாகுபடியாளர்கள் 51 லட்சமாக இருந்தார்கள். டெல்டாவின் இளைஞர்கள் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கும், வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இன்று நடவு வயலில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்த பெண்கள். அவர்களுக்குப் பின் இந்த வேலைக்கு வர அவர்களின் மகள்கள் தயாராக இல்லை.

ஏன் விலகினார்கள்?

முன்பு நடவு, களை, அறுப்பு, போரடி என்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் பல மாதங்கள் வேலை இருந்தது. அறுப்புக் கூலியாக வந்த நெல் சில மாதச் சாப்பாட்டுக்கு ஆனது. பெல்ட் வண்டி வந்த பிறகு அந்த வேலை போனது. மழைக்கு முன் அறுத்து முடிக்க உங்களுக்கு இயந்திரம் தேவை, அதில் தவறில்லை. ஆனால் அறுப்பு போனபின், நடவையும் களையையும் மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஊரில் தங்க முடியாது. ஆண்டு முழுக்கச் சம்பளம் தரும் இடத்துக்குப் போனவர், பத்து நாள் நடவுக்காகத் திரும்பி வரமாட்டார். அந்த இடத்தைத்தான் சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்கள் நிரப்புகின்றன.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் தடைகள் உண்டு. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது முதல் தடை. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தும் வயலில் இந்த வழக்கம் மாறவில்லை. அடுத்தது, கைக்குழந்தையை விட்டுவர இடமில்லாதது. வயல் தூரமாக இருந்தால் போய்வர வண்டியில்லை. வயலருகே மறைவிடமும் குடிநீரும் இல்லை. கூலி அன்றே கைக்கு வருவதும் நிச்சயமில்லை. 2006-ல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பெண்கள் திரண்டு போனதற்கு, உழைப்பு குறைவு என்பது மட்டும் காரணமல்ல. வேலை வீட்டுக்கு அருகில் கிடைத்தது; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி; நிழல், குடிநீர், குழந்தை பார்க்க ஆள் என்று விதியில் இடம் இருந்தது.

நெருக்கடியைப் பரப்புங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாய்க்காலில் 300 ஏக்கர். நாற்றுப் பறித்து நட ஏக்கருக்கு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 10 நாளில் நட்டால் தினமும் 450 பேர் வேண்டும். அதையே 25 நாளில் நட்டால் 180 பேர் போதும். அந்த 180 பேருக்கும் தொடர்ந்து 25 நாள் வேலை கிடைக்கும்.

இதற்கு நாற்றங்காலிலேயே திட்டமிட வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் முதலில் நடட்டும். ஆற்று நீரை நம்புபவர்கள் அடுத்து நடட்டும். குறுகிய கால ரகங்களுக்கு 18 முதல் 22 நாள் நாற்று ஏற்றது. வயது மீறினால் தூர் குறையும். எனவே விதைக்கும் தேதியையே பிரித்து வையுங்கள். குறுவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுவடைக்கு வர வேண்டும் என்பதால், இந்த இடைவெளியை அளவோடுதான் நீட்ட முடியும். மீதி நெருக்கடிக்கு நேரடி விதைப்பும் இயந்திர நடவும் கைகொடுக்கும்.

இயந்திர நடவுக்கு 15 முதல் 18 நாள் பாய் நாற்று தேவை. அதை வளர்த்து விற்கும் வேலையை உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம். நடவு இயந்திரத்தை ஓட்டவும் பெண்களைப் பழக்கலாம். பயிற்சிக்கு நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களையும் வேளாண் பொறியியல் துறையையும் அணுகுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு.

ஒரே குழு, ஆண்டு முழுவதும்

நடவுக்கு வந்த குழுவிடமே களை எடுப்பு, சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து, பச்சைப்பயறு பறிப்பு, கோடையில் பருத்தி எடுப்பு ஆகியவற்றையும் இப்போதே பேசி வையுங்கள். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து பேசினால் குழுவுக்கு வேலை நாள் கூடும். உங்களுக்கும் ஆள் உறுதி. கூலியை அன்றன்றே கொடுங்கள். குடிநீர், மறைப்புக்கட்டிய கழிப்பிடம் இரண்டுக்கும் பெரிய செலவாகாது. ஆட்களை அழைத்துவர ஆட்டோ அல்லது வேன் வையுங்கள். குட்டியானை போன்ற சரக்கு வண்டியில் ஏற்றாதீர்கள். அது சட்டவிரோதம், விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகும்.

வேளாண் அலுவலர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பயிர்ப் பரப்பைக் கணக்கெடுக்கும்போது, எந்த வாரத்தில் எத்தனை ஆள் தேவை, ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் எழுதி, ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தொழிலாளர்களையும் அழையுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 18 முதல் 65 வயதுவரை உள்ள விவசாயத் தொழிலாளர்களும் சேரலாம். பதியாதவர் யாரென்று பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பி வையுங்கள். நாற்றங்கால் விடுவதற்கு முன் இதைச் செய்தால், இந்தப் பருவத்திலேயே பலன் தெரியும்.