தொட்டிக்கும் ஒரு கலிங்கு

ஏரி நிரம்பினால் கரை உடைந்துவிடாமல், மிகுதி நீர் வழிந்தோட ஒரு கலிங்கு கட்டியிருப்பார்கள். பார்த்திருக்கிறீர்களா? ஏரியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது அதன் உயரமே. கடல்மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் இப்படி ஒரு கலிங்கு உண்டு.

தொட்டியின் பின்சுவரில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போடுகிறார்கள். அதன் வழியே நீர் தானாகவே இறங்கி, கீழே மேசைக்கு அடியில் இருக்கும் இன்னொரு தொட்டிக்குப் போகிறது. அங்கே அழுக்கு வடிகட்டப்படுகிறது. பிறகு ஒரு பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றுகிறது. இது புதிய யோசனை அன்று. 1871-இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர் இதையே பெரிய அளவில் செய்தார். மீன்கள் இருந்த தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் அடியில் இருந்தது. பம்புகளை ஓட்டியது நீராவி.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேல் தொட்டியில் நீர்மட்டம் மாறுவதே இல்லை. ஆவியாகிப் போகும் நீரின் குறை கீழ்த்தொட்டியில்தான் தெரியும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும்.

சரி, துளை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் மையத்துக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால், நீர் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் வெளியேறும். தாரை சற்றுக் குறுகிவிடுவதால், மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் என்று கொள்ளலாம். பம்பு 2,000 லிட்டர் அனுப்பினால்? 10 சென்டிமீட்டர் போதும் என்று நினைக்காதீர்கள்! வேகம் இரட்டிக்க, உயரம் நான்கு மடங்காக வேண்டும். அதாவது 20 சென்டிமீட்டர். அதற்குள் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். பெரிய பம்பு வாங்குமுன் துளையை அளந்து பாருங்கள்.

துளையைச் சுற்றித் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி ஒட்டியிருப்பார்கள். உண்மையான கலிங்கு அதன் மேல் விளிம்புதான். விளிம்பு நீளமாக இருப்பதால் நீர் மெல்லிய ஏடாக வழியும். 40 சென்டிமீட்டர் நீள விளிம்பில், மேற்சொன்ன 1,000 லிட்டருக்கு அரை சென்டிமீட்டர் கனமே போதும். 5 சென்டிமீட்டர் உயரமெல்லாம் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

இனி இரவில் மின்சாரம் நின்றுபோவதாக வைத்துக்கொள்வோம். பம்பு நிற்கிறது. விளிம்புக்கு மேல் இருந்த சிறிது நீர் இறங்கிவிடும். ஆனால் நீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் நீருக்குள் அமிழ்ந்திருக்கிறதே! அது இப்போது வடிகுழாயாக மாறி, ஓசையில்லாமல் நீரைக் கீழே இறக்கத் தொடங்கும். வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை இது நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். 1 சென்டிமீட்டர் உயர நீர் 5.4 லிட்டர். குழாய் வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் இறங்கும். கீழ்த்தொட்டி 75 நீளம், 35 அகலம், 40 உயரம். அதில் பாதி நீர் இருந்தால் மீதி இடம் 52.5 லிட்டர்தான். விடிந்ததும் தரையெல்லாம் உப்பு நீர்! வாயை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உயர்த்திவிட்டால் இறங்குவது 10.8 லிட்டர், கீழே மட்டம் 4 சென்டிமீட்டர் ஏறும், அவ்வளவே. குழாயில் சிறு துளையிட்டுக் காற்றுப் புக வழி செய்பவர்களும் உண்டு. பாசி அதை அடைத்துவிடும். அதை மட்டும் நம்புவது சரியல்ல.

துளையே போடாமல், விளிம்பின் மேலாக வளைந்த குழாயை மாட்டி நீரை இறக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அதன் வளைவில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்தால் ஓட்டம் அறுந்துவிடும். பம்போ நிற்காமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். துளைக்கு இந்தத் தொல்லை இல்லை. நத்தையோ பாசியோ அடைத்தால்தான் ஆபத்து. அதற்காகப் பெட்டி விளிம்பில் சீப்புப் போன்ற பற்கள் வைப்பார்கள். சற்று உயரத்தில் இரண்டாவது துளை ஒன்றும் இருந்தால் நல்லது.

ஒன்று கவனியுங்கள். சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட முடியாது. முழுப் பலகையும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். துளையிட்ட தொட்டியாகவே வாங்குவது மேல்.

உப்பும் மீனும் சேர்க்குமுன், வெறும் நீரை நிரப்பிப் பம்பை ஓடவிடுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கீழ்த்தொட்டியைப் பாருங்கள். மட்டம் ஏறி நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். மீண்டும் பம்பை ஓட்டி, மட்டம் இறங்கி நிலைத்ததும் அங்கே இன்னொரு கோடு. பம்பு ஓடும்போது இந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் ஒருநாளும் நீர் ஊற்றாதீர்கள்.