மருந்து உண்டு, விலை?

இவர்களுக்கு மாதம் என்பது 28 நாள்தான். 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் தேறியிருந்தால் அடுத்த சுற்று. எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் முற்றிலும் குணமாவது அரிது. ஆனால் ஹார்மோன் சார்ந்த வகையில் பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்ற மாத்திரைகள், ஹார்மோன் மருந்துடன் சேர்ந்து, பலருக்கு நோயை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுகின்றன.

சிக்கல் விலையில். ரைபோசிக்ளிப்புக்கு மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார் ஒரு நோயாளி. தீர்ப்புக்கு முன்பே அவர் இறந்தார்; வழக்கை நீதிமன்றமே தொடர்ந்தது. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிய, இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்தன, விலை சரிந்தது.

ஆறுதல்தான். ஆனால் மருந்து கேட்கும்வரை நிறுத்த முடியாத சிகிச்சை இது. மலிவானாலும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும்.